ஞாயிற்றுக்கிழமை டேமுக்கு: மேட்டூரா, பவானிசாகரா, கொடிவேரியா, ஆழியாறா?

திருப்பூர்க்காரர்களுக்கு வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு நாள். அதிலும் சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் பார்த்திருந்தால் ஞாயிறு மதியம் வரைக்கும் தூக்கத்திலேயே போய்விடும். மிச்சமிருக்கும் நேரத்தில் குடும்பத்தோடு எங்காவது போக வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். கடைசியில் எல்லோரும் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: "டேமுக்குப் போலாமா?" சரி, எந்த டேமுக்கு?

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் இதைத்தான் கேட்டிருந்தார். வீட்டில் மொத்தம் ஆறு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒன்பது வயதுப் பையனுக்குத் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும். சின்னவளுக்கு நான்கு வயது, அவளுக்கு ஊஞ்சல் போதும். மனைவிக்கு மீன் வறுவல். இவருக்கு? "எனக்கு ஒண்ணும் வேண்டாம், எல்லாரும் சண்டை போடாம வந்தாப் போதும்" என்றார். இதே கேள்வி வேறு சிலரிடமிருந்தும் வந்திருப்பதால் நான்கு இடங்களையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எதைப் பார்த்து முடிவு செய்வது?

டேம் பார்க் என்றதும் மனசுக்குள் ஒரு படம் வரும். பெரிய ஏரி, அதன் கரையில் புல்வெளி, புல்வெளியில் பாய் விரித்துப் புளிச்சோறு. நம் ஊர் அணைகளில் அந்தப் படம் அப்படியே அமைவதில்லை. பூங்கா அணைக்குக் கீழே இருக்கும், தண்ணீர் அணைக்கு மேலே இருக்கும், நடுவில் நூறடிக்கு மேல் ஒரு சுவர். இந்த ஒரு விஷயம் தெரியாமல் கிளம்பிப் போகிறவர்கள்தான் "என்னங்க, டேம்ல தண்ணியே காணோம்" என்று திரும்பி வருகிறார்கள்.

அதனால் நான் முதலில் கேட்பது, உங்களுக்குத் தண்ணீரைத் தொட வேண்டுமா, பார்த்தால் போதுமா என்பதைத்தான். அடுத்தது படிக்கட்டு. உங்கள் கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவர் எவ்வளவு ஏறுவார்? மூன்றாவது, போக வர வண்டியில் எத்தனை மணி நேரம். நான்காவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்: அன்றைக்கு அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறந்திருக்கிறார்கள்? நுழைவுக் கட்டணத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, எங்கேயும் அது பெரிய தொகை இல்லை. வண்டி நிறுத்தக் கட்டணம், மீன், பரிசல், பிள்ளைகள் கேட்கும் பலூன், இவைதான் பையைக் காலி செய்யும்.

அணையின் நீர்மட்டச் செய்தியைப் படிப்பது எப்படி?

காலைப் பேப்பரில் தினமும் ஒரு மூலையில் வரும்: நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி. விவசாயிகள் மட்டும் படிக்கிற செய்தி என்று நினைத்திருந்தேன். கொடிவேரி வாசலில் ஒருமுறை அவமானப்பட்டபிறகு நானும் படிக்கிறேன். அந்தக் கதை பிறகு.

விநாடிக்கு 1,000 கன அடி என்றால் கிட்டத்தட்ட 28,300 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விநாடியும் இரண்டு லாரிக்கு மேல். 'வெறும் ஆயிரம்தானே' என்று அலட்சியமாக ஆற்றில் இறங்கும் முன் அந்த லாரிகள் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். பவானிசாகரில் வெளியேற்றம் இரண்டு வழியாகப் போகும். ஒன்று கீழ்பவானி வாய்க்கால், மற்றது பவானி ஆறு. வாய்க்காலில் 2,300 கன அடி ஓடினாலும், அணைக்குக் கீழே ஆற்றில் இருக்கும் கொடிவேரிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அது தனிப்பாதை. ஆற்றில் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். மொத்த எண்ணைப் பார்த்துப் பயந்து பயணத்தை ரத்து செய்தவர்களும் உண்டு, மொத்த எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்களும் உண்டு.

ஒரே பார்வையில்

| | மேட்டூர் | பவானிசாகர் | கொடிவேரி | ஆழியாறு |
|---|---|---|---|---|
| திருப்பூரிலிருந்து (சுமார்) | 100 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல் | 55 கி.மீ. | 60 கி.மீ. | 85 கி.மீ. |
| குளிக்க | ஆற்றில், நீர் குறைவான நாளில் மட்டும் | இல்லை | இதற்காகவே போகிற இடம் | அணையில் இல்லை, மேலே குரங்கு அருவி |
| தேங்கிய நீரைப் பார்க்க | பவள விழா கோபுரத்தில் ஏறினால் | பூங்காவிலிருந்து தெரியாது | இது தடுப்பணை, தேக்கம் சிறிது | படி ஏறினால் முழுசாக |
| முழங்கால் வலி உள்ளவருக்கு | பூங்கா வரை சரி | நல்லது | ஈரத்தரை, கவனம் | கீழேயே உட்கார வேண்டும் |
| மீன் வறுவல் | மிக நன்று | நன்று | மிக நன்று | சுமார் |

மேட்டூர்

நான்கிலும் பெரியது, நான்கிலும் தூரமானது. 1925-இல் வேலை தொடங்கி 1934-இல் முடிந்த அணை. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்பது அதன் ஏட்டுப் பெயர். முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), முழு நீர்மட்டம் 120 அடி. 'மேட்டூர் 120' என்று செய்தி வந்தால் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் போன் பண்ணுவார்கள்.

நேர்மையாகச் சொல்கிறேன், பூங்காவுக்காக மட்டும் திருப்பூரிலிருந்து மேட்டூர் போக வேண்டியதில்லை. மரங்கள் உண்டு, நிழல் உண்டு, பிள்ளைகளுக்கு மான், பாம்பு காட்டலாம், ஆனால் போக வர ஐந்து மணி நேரம் வண்டியில் உட்கார அது போதாது. மேட்டூர் போக வேண்டிய நாள் வேறு. பதினாறு கண் மதகு திறந்திருக்கும் நாள். அணை நிரம்பி உபரி நீரை அந்தப் பதினாறு கண்களில் விடும்போது, எதிரே நின்றால் பேச்சுக் கேட்காது, முகமெல்லாம் சாரல். 2018 ஆகஸ்ட்டில் வெளியேற்றம் 2 லட்சம் கன அடியைத் தாண்டிப் போனது. அந்த மாதிரிக் காட்சிக்கு 200 கி.மீ. வண்டி ஓட்டலாம். ஆனால் அதே நாளில் ஆற்றில் கால் வைக்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆக, மேட்டூரில் பார்ப்பதா குளிப்பதா என்றால் இரண்டில் ஒன்றுதான்.

இன்னொரு காரணம் அணைக்கட்டு முனியப்பன். வேண்டுதல் இருக்கிறது, கிடா வெட்ட வேண்டும் என்றால் இந்த ஒப்பீடே தேவையில்லை, போய்த்தான் ஆக வேண்டும். பாத்திரம், விறகு என்று ஒரு வேன் நிறையச் சாமான் ஏறும். வேன் வாடகைதான் இங்கே மறைந்திருக்கும் பெரிய செலவு.

போகிற வழியையும் கணக்கில் சேர்க்கலாம். பவானியிலிருந்து அம்மாபேட்டை, நெரிஞ்சிப்பேட்டை வழியாகப் போனால் பாதி தூரம் காவிரி கூடவே வரும். கதவணைகளில் தேக்கியிருப்பதால் ஆறு ஏரி மாதிரி நிறைந்து கிடக்கும். நெரிஞ்சிப்பேட்டையில் படகேறி அக்கரை பூலாம்பட்டிக்குப் போய்த் திரும்பி வரலாம். எனக்குப் பிடித்தது மேட்டூரைவிட இந்த வழிதான் என்று சொன்னால் சேலத்துக்காரர்கள் அடிக்க வருவார்கள்.

பவானிசாகர்

1955-இல் முடிந்த அணை, பெரும்பகுதி மண் அணை. நீளம் 8 கி.மீ.க்கு மேல். அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்தால் அணை மாதிரியே இருக்காது. நீளமாக ஒரு கரை, அதன்மேல் புல். பூங்கா அதன் காலடியில். 32.8 டி.எம்.சி. தண்ணீர் அந்தக் கரைக்குப் பின்னால் நிற்கிறது, ஆனால் பூங்காவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. மேலே பொதுமக்களை விடுவதில்லை. ஆடிப்பெருக்கு அன்றைக்கு மட்டும் மேலே விடும் வழக்கம் இருந்தது. சின்ன வயதில் அப்படி ஒரு ஆடி 18-க்கு அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த அந்தத் தண்ணீர்தான் எனக்குப் பவானிசாகர். நீர் நன்றாக இறங்கும் கோடைகளில் உள்ளே முழுகிக் கிடக்கும் டணாய்க்கன் கோட்டை தலைகாட்டும். அதையும் பூங்காவிலிருந்து பார்க்க முடியாது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் சேர்ந்த குடும்பத்துக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன். தரை பெரும்பாலும் சமம், ஏறி இறங்கும் வேலை குறைவு, நிழல் தாராளம். சறுக்கு, ஊஞ்சல், படகு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பாட்டியை ஒரு மரத்தடியில் உட்கார வைத்தால் அவர் கண்ணுக்கு எட்டும் இடத்திலேயே பேரப்பிள்ளைகள் விளையாடுவார்கள். இது சின்ன வசதி இல்லை. ஆழியாற்றில் இதுதான் கிடைக்காது.

பண்ணாரி பக்கத்தில் இருப்பது இன்னொரு லாபம். காலையில் பண்ணாரி அம்மன், மதியம் பூங்கா என்று வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு இது கோயில் பயணம், பிள்ளைகளுக்கு பார்க். ஒரே பெட்ரோலில் இரண்டு பேருக்கும் திருப்தி.

கவனிக்க வேண்டியது திரும்பும் நேரம். சுற்றிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகக் காடு. தண்ணீர் குடிக்க யானைகள் நீர்த்தேக்கத்தின் கரைக்கு வரும், சாயங்காலம் ரோட்டுக்கும் வரும். "யானை பாத்துட்டுப் போலாம்" என்று இருட்டும்வரை காத்திருக்கும் ஆட்களோடு சேராதீர்கள். புளியம்பட்டி வழியாக வெளிச்சத்திலேயே திரும்பிவிடலாம்.

கொடிவேரி

இது அணைப் பூங்கா இல்லை, பவானி ஆற்றில் கட்டிய பழைய தடுப்பணை. அரக்கன்கோட்டை, தடப்பள்ளி வாய்க்கால்கள் இங்கிருந்துதான் பிரிந்து போகின்றன. ஆனால் 'டேமுக்குப் போலாம்' என்று சொல்லும் பத்துப் பேரில் பாதிப் பேர் மனசில் இருப்பது இந்த இடம்தான். சுவரைத் தாண்டி ஆறு முழுக்க ஒரே வரிசையாகத் தண்ணீர் கொட்டும். அதன் அடியில் முதுகைக் கொடுத்து நின்றால் ஒரு வாரம் மெஷின் முன்னால் குனிந்த வலி இறங்கிப் போகும்.

கொட்டும் தண்ணீரைவிட எனக்கு ஞாபகம் இருப்பது மீன் கடை. அகலமான இரும்புக் கல், ஓரமாக எண்ணெய் தேங்கி நிற்கும். மசாலா தடவிய ஜிலேபிக் கெண்டை முழுசு முழுசாகத் தட்டில் அடுக்கியிருக்கும். நாம் விரலால் காட்டுவதைத்தான் எடுத்துப் போடுவார்கள். மேலே நாலு கறிவேப்பிலை. குளித்த ஈரத்தோடு நின்று, சூட்டில் விரல் மாற்றி மாற்றிப் பிய்த்துத் தின்ன வேண்டும். விலையை மட்டும் கல்லில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள், பொரிந்த மீனுக்குப் பேரம் கிடையாது.

இப்போது என் அவமானக் கதை. அம்மாயியையும் தங்கச்சி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போனோம். மாற்றுத் துணி, துண்டு, ஒரு தூக்குப் போசி நிறையத் தயிர்சோறு. வாசலில் கயிறு கட்டியிருந்தது. பவானிசாகரில் ஆற்றில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், குளிக்கத் தடை. முந்தின நாள் பேப்பரில் வந்த செய்தி, நான்தான் படிக்கவில்லை. தயிர்சோற்றை வண்டியிலேயே வைத்துத் தின்றோம். "ஏங்கண்ணு, இத ஊட்லயே தின்னிருக்கலாமே" என்றார் அம்மாயி. இன்றைக்கும் எங்கே கிளம்பினாலும் "பேப்பர் பாத்தயா?" என்றுதான் கேட்கிறார்.

அணையில் திறக்காவிட்டாலும் சத்தியமங்கலம் பக்கக் காட்டில் நல்ல மழை பெய்தால் ஓடைகளின் தண்ணீர் ஆற்றில் சேர்ந்து இங்கே அளவு ஏறும். அப்போதும் தடை வரலாம். மறைந்திருக்கும் இன்னொரு செலவு கூட்டம். ஞாயிறு பதினோரு மணிக்குப் போனால் சுவரடியில் நிற்க இடம் கிடைப்பதே கஷ்டம், பெண்கள் உடை மாற்றக் காத்திருக்க வேண்டும். தீபாவளிக்கு மறுநாள், காணும் பொங்கல், ஆடி 18, இந்த நாட்களில் தயவுசெய்து போகாதீர்கள். குழந்தைகளோடு போவதாக இருந்தால் காலையில் திறந்ததும் உள்ளே இருக்க வேண்டும்.

தடுப்புக் கம்பிக்கு அப்பால் போகவே கூடாது. தண்ணீர் கொட்டும் இடத்தில் முழங்கால் அளவு இருப்பதைப் பார்த்து ஆறு முழுக்க அப்படித்தான் என்று நினைப்பார்கள். கொஞ்சம் கீழே போனால் பாறை இடுக்கு, பள்ளம், சுழல். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே மாட்டிக்கொள்ளலாம்.

ஆழியாறு

நான்கில் அழகில் முதலிடம் இதற்குத்தான். 1962-இல் முடிந்த அணை, பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்தின் அணைகளில் ஒன்று. கொள்ளளவு 3.86 டி.எம்.சி., அதாவது மேட்டூரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மேலே ஏறி நின்று பார்த்தால் மேட்டூரைவிடப் பெரியதாகத் தெரியும். மூன்று பக்கமும் ஆனைமலை சுவர் மாதிரி எழுந்து நிற்பதுதான் காரணம். மலை மேலே மேகம், கீழே அதே மேகம் தண்ணீரில்.

அந்தக் காட்சிக்குக் கொடுக்க வேண்டிய விலை படிக்கட்டு. பூங்கா கீழே, தண்ணீர் மேலே. அம்மாயி பத்துப் படி ஏறி உட்கார்ந்துவிட்டார். "நீங்க போய்ட்டு வாங்க சாமி, எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொன்னாப் போதும்." போனில் படம் எடுத்துக் காட்டினோம். பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தன படி" என்றார். அவர் சொன்னதில் பாதி பொறாமை என்பது என் எண்ணம். ஆக, முழங்கால் வலிக்காரர் இருந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் கீழே துணைக்கு இருக்க வேண்டும்.

குளிக்க வேண்டும் என்றால் வால்பாறை ரோட்டில் இன்னும் சில கிலோமீட்டர் ஏறிக் குரங்கு அருவிக்குப் போக வேண்டும். அது வனத்துறை இடம், தனிச் சீட்டு. வெள்ளம் வந்தால் மூடுவார்கள், கோடையில் தண்ணீரே இல்லாமலும் போகும். பெயரில் குரங்கு சும்மா இல்லை. கையில் பொட்டலம் இருந்தால் பறிபோகும். பிளாஸ்டிக் பை, பாட்டில் சோதனைச் சாவடியிலேயே நிற்கும்.

இங்கே நிறையப் பேர் செய்யும் தப்பு, 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, வால்பாறையும் பாத்துடலாம்' என்பது. ஆழியாற்றிலிருந்து வால்பாறை 40 கி.மீ., 40 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி எடுக்கும் குழந்தை ஒன்று இருந்தாலும் ஞாயிறு முடிந்தது. வால்பாறைக்கு இ-பாஸும் வேண்டும். வால்பாறை வரை போவதற்குப் பதிலாக 9-ஆவது வளைவு வரை ஏறி லோம்ஸ் காட்சி முனையில் நின்றுவிட்டு இறங்கலாம். கீழே அணை மொத்தமும் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி தெரியும், பக்கத்துப் பாறையில் வரையாடு நின்றாலும் நிற்கும். படி ஏற முடியாதவருக்கும் அணையைக் காட்ட இதுவே வழி. அம்மாயி விஷயத்தில் இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

வண்டி இல்லாதவர்களுக்கும் ஆழியாறு நல்லது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் பஸ் வாசலிலேயே நிற்கும். கொடிவேரிக்குச் சத்தி ரோட்டில் இறங்கி உள்ளே நடக்கவோ ஆட்டோ பிடிக்கவோ வேண்டும்.

யாருக்கு எது?

காதலர்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள், நடக்கத் தெம்புள்ள நண்பர்கள்: ஆழியாறு, மழை விட்ட மாதங்களில். குளியல்தான் நோக்கம் என்றால் கொடிவேரி, முடிந்தால் ஒரு நாள் லீவு போட்டு வார நாளில். மேட்டூர், அணை நிரம்பிய செய்தி வந்த வாரத்தில் அல்லது முனியப்பனுக்கு நேர்ந்திருந்தால்.

கேள்வி கேட்ட வாசகருக்கு நான் சொல்வது இது. காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். முதலில் கொடிவேரி. கூட்டம் சேருவதற்குள் பையன் குளிக்கட்டும், மனைவிக்கு மீன், அம்மா கரையில் உலர்ந்த இடமாகப் பார்த்து உட்காரட்டும். பத்தரைக்கு அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும், பையன் அழுதாலும். சத்தியமங்கலம் வழியாகப் பவானிசாகர் முப்பது கிலோமீட்டர் சுற்று. கட்டுச்சோறு அங்கே மரத்தடியில். சின்னவளுக்கு ஊஞ்சல், அம்மாவுக்குத் தூக்கம். நாலரைக்குக் கிளம்பினால் ஆறரைக்கு வீடு. சனிக்கிழமைப் பேப்பரில் பவானி ஆற்றில் திறப்பு அதிகம் என்று போட்டிருந்தால் கொடிவேரியை விட்டுவிட்டுப் பண்ணாரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பையனிடம் அதைச் சனிக்கிழமை ராத்திரியே சொல்லிவிடுங்கள், வாசலில் போய்ச் சொல்ல வேண்டாம்.